ஒன்பதாம் அறை மூச்சக்கா

காத்திருப்புக் கூடத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அன்று ஒரு தும்மல் வந்தது. ஒரே ஒரு தும்மல்தான். தும்மி முடித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. உட்கார்ந்த இடம் நனைந்துவிட்டது என்று தெரிந்தது. எதிர் வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். எலும்பு டாக்டரின் அறையிலிருந்து எந்த நேரமும் கூப்பிடுவார்கள். எழுந்தால் மானம் போகும்; எழாவிட்டால் முறை போகும். மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடவுளே, இந்தக் கட்டடம் இப்போதே இடிந்து விழட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பிறகு மற்ற நோயாளிகள் பாவம் என்று தோன்றியது. வேண்டாம், கரண்டு மட்டும் போகட்டும் என்று வேண்டுதலைத் திருத்திக்கொண்டாள்.

கரண்டு போகவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட குள்ளமான ஓர் அம்மா, கையில் தண்ணீர் ஜக்குடன் அந்த வழியாக வந்தார். கடைசி நாற்காலிக்கு நேராக வந்ததும் அவருக்குக் கால் இடறியது. இடறுவதற்கு அங்கே ஒரு துரும்புகூட இல்லை. ஜக்குத் தண்ணீர் அத்தனையும் அவள் மடியிலும் நாற்காலியிலும் தரையிலும் கொட்டியது.

"என் கை ஓட்டைக் கைம்மா. எதைத் தூக்கினாலும் கொட்டும்," என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் அந்த அம்மா. "பாவம், இப்படி நனைச்சுட்டேனே. எழுந்து வா, உள்ளே மாத்துத் துணி இருக்கு." தரை துடைக்கிறவரைக் கூப்பிட்டு, "என்னைத் திட்டாதே தம்பி, வயசாயிடுச்சு," என்றார். எல்லாரும் அந்த அம்மாவையே பார்த்தார்கள். நனைந்தவளை யாரும் பார்க்கவில்லை.

அப்படித்தான் அவள் ஒன்பதாம் எண் அறைக்குள் முதன்முதலில் போனாள்.

அந்த அறை மருத்துவமனையின் கடைக்கோடியில், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய துவைக்கும் மிஷின்கள் நாள் முழுக்கக் கடகடத்துக்கொண்டிருக்கும். பிசியோதெரபிக்காரர்கள் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய அறை. இந்த அம்மா மட்டும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தத்தில் உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்பதுதான் காரணம். கதவில் எந்த நோயின் பெயரையும் எழுதவிடவில்லை. "கதவுல எழுதிட்டா, கதவைத் தட்டுறதுக்கே நாலு வருஷம் யோசிப்பாங்க," என்பார். வெறும் ஒன்பது என்ற எண் மட்டும் இருக்கும்.

யார் வந்தாலும் முதலில் மூச்சை விடச் சொல்வதால் அவருக்கு மூச்சக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அதனால் வந்த வினை, இருமல்காரர்களும் இளைப்புக்காரர்களும் அடிக்கடி அந்தக் கதவில் வந்து நிற்பார்கள். "அது அடுத்த மாடி ஐயா. ஆனா ஏறுறதுக்கு முன்னால இங்க ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க," என்று அவர்களையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத்தான் அனுப்புவார்.

உடுத்துக்கொள்ள மருத்துவமனைக் கவுனைக் கொடுத்துவிட்டு, திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடி மூச்சக்கா கேட்டார்.

"தும்மினா மட்டுமா, சிரிச்சாலுமா?"

திரைக்கு அந்தப் பக்கம் நனைந்த துணியைப் பிழியும் சத்தம் கேட்டது.

"சிரிக்கிறதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சுக்கா," என்று பதில் வந்தது.

அவள் சட்டை தைக்கும் ஒரு கூடத்தில் காலர் தைப்பவள். அங்கே முப்பது பெண்கள்; ஆளுக்கு ஒரு பாகம். யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கை, பட்டன், பாக்கெட், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் என்று செய்கிற வேலையே பெயராகிவிடும். இவள் காலர். பதினான்கு வருஷமாகக் காலர். கூர் முனை இரண்டும் அளந்து வைத்தாற்போல வரும். "உன் காலர் முனையில காய்கறி நறுக்கலாம்," என்று பக்கத்து மிஷின் ஓவர்லாக் சொல்வாள்.

இரண்டு வருஷமாக அந்தக் காலர்க்காரியால் உட்கார முடியவில்லை. வால் எலும்பில் ஆணி வைத்தது போல் ஆரம்பித்து, அடிவயிற்றுக்கும் தொடைக்கும் பரவியது. கூடவே சிறுநீர் அவசரம். வருகிறது என்று தோன்றினால் வந்துவிடும். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. மூன்று டாக்டர்கள், இரண்டு ஸ்கேன். எல்லாரும் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

"ஒண்ணும் இல்லைன்னா நல்ல சேதிதானே," என்றான் கணவன். வயரிங் வேலை செய்பவன். கோளாறு என்றால் ஓரிடத்தில் புகை வந்திருக்கும் என்று நம்புகிறவன்.

"அந்த ஒண்ணும் இல்லாததுதாங்க வலிக்குது," என்றாள் அவள்.

அவனிடம் அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் அருகில் வந்தாலே வலிக்கும் என்ற பயத்தில் அவள் விலகிப் படுக்க ஆரம்பித்திருந்தாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அவளுக்கு இன்னொரு வலியாக இருந்தது. கடவுளிடம் மட்டும் சொன்னாள். அதையும் நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்து வேண்டிக்கொள்ள முடியவில்லையே என்பது அவளுடைய குறைகளில் ஒன்று. மூச்சக்காவிடம் இதைச் சொன்னபோது, "நிக்கிறவங்க சொல்றதும் அவருக்குக் கேக்கும்மா. எத்தனையோ பேர் படுத்துக்கிட்டே கூப்பிடுறாங்க," என்றார்.

மூச்சக்கா ஒரு துண்டை எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்துத் தொட்டில் போலத் தொங்கவிட்டுக் காட்டினார். இடுப்பு எலும்புகளுக்கு அடியில் இப்படித்தான் தசை கட்டியிருக்கிறது, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, குடல் எல்லாவற்றையும் இதுதான் தாங்குகிறது என்றார். இரண்டு பிள்ளை பெற்ற அவளுக்கு அப்படி ஒன்று தன் உடம்பில் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

அடுத்த முறை, உள்ளே விரல் வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்னார். "வேண்டாம்னா இன்னைக்குச் செய்ய மாட்டேன். நடுவுல வேண்டாம்னு தோணினாலும் கையைத் தூக்கு, உடனே நிறுத்திடுவேன். உன் உடம்பு, இங்க நீதான் எஜமானி." காலர்க்காரியை அதுவரை யாரும் எதற்கும் எஜமானி என்று சொன்னதில்லை. சரி என்று தலையாட்டினாள். ஒருமுறை கையைத் தூக்கியும் பார்த்தாள். சொன்னபடியே மூச்சக்கா அந்தக் கணமே நிறுத்தினார். அதற்குப் பிறகு கையைத் தூக்கத் தேவைப்படவில்லை.

பரிசோதனை முடிந்ததும் மூச்சக்கா தன் கையை முஷ்டியாக மடக்கிக் காட்டினார். "இது பலம் இல்லாத தசை இல்லைம்மா. விடுறதை மறந்துபோன தசை. இப்படியே நாள் முழுக்க மூடி வெச்சிருந்தா கை வலிக்குமா இல்லையா? அவசரத்துக்கு ஒரு டம்ளரைப் பிடின்னா, மூடின கையால எப்படிப் பிடிக்கும்? முதல்ல இதைத் திறக்கணும். பலம் எல்லாம் அப்புறம்."

வீட்டுக்கு இரண்டு வேலைகள் கொடுத்தார். ஒன்று, தரையில் படுத்துக் காலை நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, மூச்சு உள்ளே போகும்போது அந்தத் தொட்டில் மெல்ல இறங்குகிறதாக நினைத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். காலை, மாலை, படுக்கும் முன். இரண்டாவது, ஒரு நோட்டு. எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள், எத்தனை தடவை சிறுநீர் கழித்தாள், அந்தந்த நேரத்தோடு எழுத வேண்டும்.

தையல் கூடத்தில் இதைக் கேட்ட ஓவர்லாக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மூச்சு விடுறதுக்கா ஆஸ்பத்திரி? நான் பொறந்ததுல இருந்து ஓசியில விட்டுக்கிட்டு இருக்கேன்டி."

ஓவர்லாக்குக்கு இந்த விஷயத்தில் சொந்த வைத்தியம் ஒன்று இருந்தது. கடைசிப் பிரசவத்தின்போது யாரோ சொல்லிக்கொடுத்தது: சிறுநீரை அடக்குவது போல் கீழே இறுக்கிப் பிடித்து விட வேண்டும். அவளுக்கு அது நன்றாகக் கேட்டது. தனக்குக் கேட்ட மருந்து ஊருக்கே கேட்கும் என்று நம்புகிறவள் அவள். எட்டு மாதம் முன்பே காலர்க்காரிக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். "ஒரு காலருக்கு அஞ்சு தடவை இறுக்கு. வேலையும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு." காலர்க்காரி எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். அஞ்சைப் பத்தாக்கிக்கொண்டாள். நாளுக்கு நூற்றைம்பது காலர்.

இதை அவள் மூச்சக்காவிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. இரண்டு வைத்தியமும் நடக்கட்டும், எது பலித்தாலும் லாபம் என்று நினைத்தாள். படுத்து மூச்சு விடுவது சோம்பேறி வேலையாகத் தெரிந்தது. இறுக்குவதில்தான் பாடுபடுகிற திருப்தி இருந்தது.

நோட்டு விஷயம் அதைவிட மோசம். நோட்டு என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூட நோட்டில் நடந்ததை எழுதக்கூடாது, சரியானதை எழுத வேண்டும். தப்பாக எழுதினால் சிவப்பு மை. ஆகவே எட்டு டம்ளர் தண்ணீர் என்று எழுதினாள். எட்டு என்று எங்கோ கேட்டிருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் சிறுநீர் என்று எழுதினாள். அடிக்கோடு போட்டு, மணி மணியான கையெழுத்தில் வாரா வாரம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இவ்வளவு அழகா எழுதுறவங்களை நான் பாத்ததே இல்லை," என்றார் மூச்சக்கா. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு வாரம் ஆயிற்று. வலி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அந்த வாரம்தான் சூப்பர்வைசர் அவளுடைய மிஷின் அருகில் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கு மேலேயும் ஆள் இருந்தார்கள். "காலரு, நீ அரைமணிக்கு ஒருதரம் எழுந்துக்குற. உன்னால பின்னாடி இருக்கிற மொத்த வரிசையும் நிக்குது. இந்தப் பள்ளிக்கூடச் சட்டை லாட்டு இன்னும் நாலஞ்சு வாரம். அது முடிஞ்சதும் நீ பிசிறு மேசைக்குப் போயிடு."

பிசிறு மேசை என்பது கூடத்தின் கோடியில் உள்ள நீள மேசை. தைத்து முடிந்த சட்டையில் தொங்கும் நூல்முனைகளை நின்றபடியே நாள் முழுக்க நறுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். பதினான்கு வருஷம் ஏறிய ஏணியில் அடிப்படிக்கு இறங்கு என்று சொன்னது போல் இருந்தது. அதோடு, பிசிறு மேசைக்குப் போன யாரும் திரும்ப மிஷினுக்கு வந்து அவள் பார்த்ததில்லை.

ஒன்பதாம் அறையில் அன்று அவள் அழுதுவிட்டாள். மூச்சக்கா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நோட்டுல எல்லாம் சரியா இருக்கு. உன்கிட்ட ஒண்ணும் சரியாகலை. ரெண்டுல ஒண்ணு பொய்," என்றார். காலர்க்காரி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் மூச்சக்கா அவளைச் சொல்லவில்லை, சிகிச்சையைத்தான் சொன்னார். "நான்தான் எதையோ தப்பாப் புரிஞ்சிருக்கேன். நீ உக்கார்ற இடத்தை நான் வந்து பாக்கணும்."

வியாழக்கிழமை அவருக்கு அரைநாள் விடுப்பு. சொன்னபடி வந்துவிட்டார். உட்காரும் உயரத்தை அளக்க மருத்துவமனையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும், சூப்பர்வைசர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கூடத்தைச் சுற்றிக் காட்டினார். மூச்சக்கா காலர்க்காரியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு அவ்வப்போது குடித்தார். கூடத்தில் வேறு யாரிடமும் தண்ணீர் பாட்டில் இல்லாததைக் கவனித்தார்.

பதினொரு மணிக்கு அவருக்குச் சிறுநீர் வந்தது.

"பாத்ரூம் எந்தப் பக்கம்மா?"

காலர்க்காரி சூப்பர்வைசரின் மேசைக்கு மேலே இருந்த ஆணியைக் காட்டினாள். "கட்டை இல்லைக்கா. ரெண்டும் வெளிய போயிருக்கு."

முப்பது பெண்களுக்கு இரண்டு கட்டைகள். உள்ளங்கை நீளம், சிவப்புப் பெயின்ட் அடித்தவை. கட்டை கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம். திரும்பி வருகிறவள் கட்டையை ஆணியில் மாட்டுவது வழக்கமில்லை. அடுத்தவள் கையில் கொடுத்துவிடுவாள். கட்டை கைக்கு வந்தால், வருதோ இல்லையோ, போய்விட்டு வந்துவிட வேண்டும். மறுபடி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கட்டை வராத நேரத்தில் எவ்வளவு வந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இதற்குப் பயந்தே யாரும் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. இது அந்தக் கூடத்தின் எழுதாத சட்டம். கட்டடத்தோடு சேர்ந்து வந்தது போல, யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "மேடம், உங்களுக்கு எதுக்குக் கட்டை? ஆபீஸ்ல தனி பாத்ரூம் இருக்கு, சாவி தர்றேன்."

"வேண்டாம் தம்பி. நான் காலருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். எனக்கும் கட்டைதான்," என்றார் மூச்சக்கா.

ஐம்பத்தொன்பது வயதுப் பெண், அரை பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, நாற்பது நிமிஷம் காத்திருந்தார். காலைக் குறுக்கே போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். சூப்பர்வைசருக்கு மேசையில் இருப்புக் கொள்ளவில்லை. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடம் முழுக்க மிஷின் சத்தத்துக்கு நடுவே பெண்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஓவர்லாக் மெல்லச் சொன்னாள், "அக்கா, இறுக்கிப் பிடிங்க. நாங்க எல்லாம் அப்படித்தான். இவ காலருக்குப் பத்துத் தடவை இறுக்குறா."

மூச்சக்கா மெதுவாகத் திரும்பினார். "பத்துத் தடவையா? ஒரு காலருக்கா?"

காலர்க்காரியின் மிஷின் நின்றுவிட்டது.

அதற்குள் கட்டை வந்தது. மூச்சக்கா போய்விட்டு வந்து, கட்டையை ஓவர்லாக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காலர்க்காரி நினைத்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: தண்ணீர் ஒரு டம்ளர்தான், எட்டு இல்லை, நோட்டு முழுக்கப் பொய், நாளுக்கு ஆயிரத்தைந்நூறு தடவை இறுக்குகிறேன், மன்னிச்சுக்கோங்க.

மூச்சக்கா அவள் தைத்து வைத்திருந்த காலர் ஒன்றை எடுத்து, முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீ தப்பு பண்ணலைம்மா. நான்தான் பண்ணினேன். ஆறு வாரமா உன் நோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன், உன்னைப் பாக்கலை. இவ்வளவு சுத்தமா ஒரு நோட்டு இருந்தா அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். வலிக்கிறவங்க நோட்டு அடிச்சுத் திருத்தி, எண்ணெய்க் கறையோட இருக்கும்." பிறகு ஓவர்லாக்கைப் பார்த்து, "உனக்குத் தளர்ந்து போயிருந்துச்சு, இறுக்கினே, சரியாச்சு. இவளுக்கு ஏற்கெனவே இறுகிக் கிடக்கு. தூங்காதவளுக்கு யாராச்சும் காபி கொடுப்பாங்களா?" என்றார்.

"நல்லதுக்குத்தான்கா சொன்னேன்," என்றாள் ஓவர்லாக். அவள் முகம் சுண்டிவிட்டது.

"தெரியும். நல்ல மனசுக்காரங்க சொல்ற வைத்தியத்துலதான் நான் பாதி சம்பளம் வாங்குறேன்," என்றார் மூச்சக்கா. ஓவர்லாக்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலர்க்காரிக்கும் வந்தது. வந்த சிரிப்பைப் பழக்கத்தில் பாதியில் அடக்கிக்கொண்டாள். மூச்சக்கா அதையும் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்கள். இறுக்குவது நின்றது. சொல்வதற்கு இது எளிது. ஒன்பது மாதத்துக்கு மேல் ஆன பழக்கம். காலர் கையில் வந்தாலே உடம்பு தானாக இறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு காலரையும் நூல் அறுத்து எடுக்கும்போது தாடையைத் தளர்த்து, தோளைத் தளர்த்து, அடிவயிற்றைத் தளர்த்து என்று மூச்சக்கா சொல்லியிருந்தார். பழைய பத்துக்குப் பதில் இந்த மூன்று. வாரத்துக்கு இருமுறை ஒன்பதாம் அறையில் அந்த இறுகிய இடங்களை விரலால் மெல்ல அழுத்திப் பிடித்து, இளகும்வரை காத்திருப்பார். அவசரம் காட்டமாட்டார். அந்த நேரங்களில், அவள் மனம் வேறெங்கும் போய்ப் பயப்படாமல் இருக்க, தன் கதையைச் சொல்வார்.

அவருக்கும் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இதே கதைதான். பதினொரு வருஷம். மற்றவர்களின் முழங்காலையும் தோளையும் சரிசெய்துகொண்டே, தன் பைக்குள் மாற்றுத் துணி வைத்துக்கொண்டு அலைந்தார். பிசியோதெரபி படித்தவருக்கே இதற்கு வைத்தியம் உண்டு என்று தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் டாக்டரின் பேச்சைத் தற்செயலாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதாராம். நாற்பத்திரண்டு வயதில் மறுபடி படிக்கப் போனார். "கூடப் படிச்ச பொண்ணுங்க என்னை டீச்சர்னு நினைச்சு எழுந்து நின்னாங்க," என்பார். திரும்பி வந்து தனி அறை கேட்டபோது, அப்போதிருந்த பெரிய டாக்டர், இதெல்லாம் ஒரு வேலையா என்றார். பத்து வருஷம் கழித்து, பிராஸ்டேட் ஆபரேஷன் முடிந்த அதே பெரிய டாக்டர், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒன்பதாம் அறைக் கதவைத் தட்டினாராம்.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"என்ன சொல்றது? மூச்சை விடுங்க சார்னு சொன்னேன்."

ஒருநாள் கணவனையும் அழைத்துவரச் சொன்னார். அவன் சட்டைப்பையில் டெஸ்டரோடு, வேலையிடத்திலிருந்து நேராக வந்தான். மூச்சக்கா அவனுக்கும் அதே துண்டைத் தொட்டிலாகப் பிடித்துக் காட்டி, எங்கே இறுகியிருக்கிறது, ஏன் அவள் விலகிப் படுக்கிறாள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான். கடைசியில், "என்மேல ஏதோ கோபம்னு நினைச்சேன். என்னன்னு கேட்டா சண்டையாகும்னு கேக்கலை," என்றான். அவளால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவன் அவள் பையை வாங்கிக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தோ கெட்டியான நுரைப்பஞ்சு வாங்கிவந்து, வால் எலும்பு படும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அவள் ஸ்டூலுக்கு ஒரு மெத்தை செய்தான். மூன்று தடவை வெட்டிப் பார்த்தான். மூன்றாவதுதான் பொருந்தியது.

நோட்டும் மாறியது. "ஒரு டம்ளர். கட்டை வரலை. நனைஞ்சது." "மூணு டம்ளர். ரெண்டு மணி நேரம் தாங்கினேன்." அடித்தல், திருத்தல், எண்ணெய்க் கறை எல்லாம் இருந்தன.

லாட்டு முடிந்தது. காலர்க்காரிக்குப் பாதிதான் குணமாகியிருந்தது. ஒன்றரை மணி நேரம் உட்கார முடிந்தது. அதற்கு மேல் இல்லை. சூப்பர்வைசர் வருவதற்கு முன் அவளே எழுந்து அவர் மேசைக்குப் போனாள். பதினான்கு வருஷத்தில் அவள் அந்த மேசைக்குக் கட்டைக்காகத் தவிர வேறெதற்கும் போனதில்லை.

"சார், நான் ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து ரெண்டு நிமிஷம் நிப்பேன். கட்டை இருந்தாலும் எழுவேன், இல்லைன்னாலும் எழுவேன். என் காலர் எண்ணிக்கை குறைஞ்சா நானே பிசிறு மேசைக்குப் போயிடுறேன்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் வேறொருத்தி தைத்த காலர்கள் இரண்டை எடுத்து வைத்தார். முனைகள் நாய்க்காது போல் மடிந்திருந்தன. அவற்றைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஒரு வாரம் பாக்கலாம்," என்றார்.

வாரம் முடிந்தது, எண்ணிக்கை குறையவில்லை. அவர் போகச் சொல்லவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. பிசிறு மேசைப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த மாதம் ஆணியில் மூன்றாவதாக ஒரு கட்டை தொங்கியது. பெயின்ட் அடிக்காத புது மரம். "நான்தான் மேலிடத்துல பேசி வாங்கினேன்," என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை. முப்பது பேருக்கு மூன்று என்பதும் போதாதுதான். ஆனாலும் மிஷின்களுக்கு அடியில் ஒன்றிரண்டு தண்ணீர் பாட்டில்கள் முளைத்தன. முதல் பாட்டில் ஓவர்லாக்குடையது.

வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. அப்படிப் போகும் என்று மூச்சக்காவும் வாக்குக் கொடுக்கவில்லை. மழைக்காலத்தில் வரும், வீட்டில் மனக்கஷ்டம் வந்தால் வரும். ஆனால் வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு இப்போது தெரியும். தெரியாமல் இருந்தபோது இருந்த பயம் போய்விட்டது. வலியில் பாதி அந்தப் பயம்தான் என்று அவளுக்குப் பின்னால் தோன்றியது. உட்கார்ந்து வேண்டிக்கொள்ள முடிந்த முதல் நாள், கேட்பதற்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் மாதம் மூச்சக்கா சொன்னார், "இனி நீ வரவேண்டியதில்லை. நானும் இந்த மாசக் கடைசியோட ஓய்வு. மகள் ஊருக்குப் போறேன்." அவர் இடத்துக்கு ஓர் இளம்பெண் வந்திருந்தாள். அவளுக்கு அவர் முதலில் காட்டியது சலவைக்கூடத்துச் சுவரைத்தான் என்று கேள்வி.

காலர்க்காரி முதல் நாளே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். மூச்சக்காவின் வெள்ளைக் கோட்டின் காலர், கழுத்து உரசி உரசி நூல் பிரிந்து கிடந்தது. தொழில்காரியின் கண்ணுக்கு அது எட்டு மாதமாக உறுத்தியது. அன்று கேட்காமலே கோட்டை ஆணியிலிருந்து எடுத்துப்போய்விட்டாள். காலரைப் பிரித்து, தேய்ந்த பக்கத்தை உள்ளே போட்டு, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித் தைத்து, மாதக் கடைசி நாளில் கொண்டுவந்தாள்.

ஒன்பதாம் அறையில் பெட்டி கட்டியாகிவிட்டது. மூச்சக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு, காலர் முனையைத் தொட்டுப் பார்த்தார். "வேலைக்கு வந்த முதல் நாள் மாதிரி இருக்கு. கடைசி நாள்ல போய்ப் போட்டு விடுறியே," என்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் கூடத்துல என்மேல தண்ணி கொட்டினீங்களே..."

"எந்தத் தண்ணி?"

"ஜக்குத் தண்ணி. கால் இடறி."

"ஓ, அதுவா. என் கைதான் ஓட்டைக் கையாச்சே." சொல்லிக்கொண்டே ஜன்னலோரம் இருந்த அதே ஜக்கிலிருந்து ஒரு டம்ளரில் விளிம்பு வரை ஊற்றினார். எட்டு மாதத்தில் அந்தக் கை ஒரு சொட்டுக்கூடச் சிந்தி காலர்க்காரி பார்த்ததில்லை. இப்போதும் சிந்தவில்லை.

காலர்க்காரி சிரித்தாள். வாய்விட்டு, அடக்காமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்தபின்தான், தான் எதற்கும் பயப்படாமல் சிரித்தது அவளுக்குத் தெரிந்தது. மூச்சக்கா டம்ளரை நீட்டினார். வெளியே பஸ் வரும் சத்தம் கேட்டது. காலர்க்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே டம்ளரை வாங்கினாள்.

"அடுத்த பஸ்ஸும் வரும்மா," என்றார் மூச்சக்கா. "உக்காந்து குடிச்சிட்டுப் போ."